வட்டக்கானல் மரகதம்

1

இங்கே டாக்டர்களுக்கு வருஷத்துக்கு ஒரு முறை ஒரு படிவம் வரும். இந்த வருஷம் புதிதாக என்ன படித்தாய், உன்மேல் யார் புகார் கொடுத்தார்கள், யார் பாராட்டினார்கள் என்று பக்கம் பக்கமாகக் கேட்பார்கள். கடைசிப் பக்கங்களில் ஒரு கேள்வி இருக்கும்: உங்கள் வேலையைப் பாதிக்கக்கூடிய உடல்நலக் குறைவோ மனநலக் குறைவோ உண்டா? பக்கத்தில் இரண்டு கட்டங்கள். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் 'இல்லை' என்ற கட்டத்தைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். சத்தியமாக ஒரு வருஷம்கூடக் கேள்வியை முழுசாகப் படித்ததில்லை.

போன மாதம் அந்தப் பக்கத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். எட்டு மாதமாக எனக்கு உடம்பு சரியில்லை. பார்த்தீர்களா, 'உடம்பு' என்றுதான் கை எழுதுகிறது. மனசு சரியில்லை. வேலை முடிந்து வந்தால் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். சமைத்ததை வாயில் வைத்தால் ருசி தெரிவதில்லை. காலையில் கண் விழித்ததும், ஐயோ விழித்துவிட்டோமே என்று இருக்கிறது. சில நாள் அதற்கு மேலும் தோன்றுகிறது. என் எதிரில் ஒரு நோயாளி உட்கார்ந்து இதைச் சொன்னால் அடுத்து என்ன கேட்க வேண்டும், எங்கே அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தலைகீழ்ப் பாடம். எனக்கே வந்தபோது யாரிடமும் சொல்லவில்லை. புருஷனிடமும் சொல்லவில்லை.

என் பெயர் பழனியம்மாள். பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்தவர் மகளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? இங்கே யாருக்கும் அது வாயில் நுழையாமல், ஆங்கில எழுத்தில் முதல் துண்டை மட்டும் வைத்துக்கொண்டு 'டாக்டர் பால்' ஆக்கிவிட்டார்கள். இங்கிலாந்தின் வடக்கே, காற்று ஓயாத ஒரு கடலோர ஊரில் பொது மருத்துவராக இருக்கிறேன். லண்டனுக்கும் இந்த ஊருக்கும் நான்கு மணி நேர ரயில் பயணம். ஆனாலும் அப்பா சாகும்வரை கடைக்கு வருகிறவர்களிடம் "எம் மக லண்டன்ல டாக்டரு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை.

படிவத்தில் கை நின்றதற்குக் காரணம் ரோஸ்லின். அவள் இறந்து இந்த மாதத்தோடு இரண்டு வருஷம்.

2

ரோஸ்லினும் நானும் மதுரையில் ஒன்றாக மருத்துவம் படித்தோம். விடுதியில் ஐந்தரை வருஷம் ஒரே அறை. அவள் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, அவள் கைக்குழந்தையாக இருக்கும்போது கப்பலேறி வந்த குடும்பம். கொடைக்கானல் ஆனந்தகிரியில் இரண்டு அறை வீடு. அப்பா கேரட் மூட்டை ஏற்றுகிற வேலை பார்த்தவர். அந்தத் தெருவிலிருந்து முதல் டாக்டர் இவள்தான். நான் படிப்பு முடிந்ததும் பரீட்சை எழுதி இங்கே ஓடி வந்தேன். அவள் மலையை விட்டு இறங்க மாட்டேன் என்றுவிட்டாள். ஊரிலேயே ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கேட்டால் "நேரம் எங்கடி இருக்கு" என்பாள். பாதி நாள் அங்கே அவள் ஒருத்திதான் டாக்டர்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. டாக்டருக்கு நோய் வந்தால் டாக்டரிடம் போகமாட்டார். கூடப் படித்தவனுக்குப் போன் போடுவார். ஓ.பி. சீட்டு கிடையாது, பதிவேடு கிடையாது, நாடி பிடிக்கிறதும் கிடையாது. "எனக்கு இப்படி இருக்குடா, என்ன போடலாம்?" "இதைப் போட்டுப் பாரு." தீர்ந்தது. மருந்துக் கம்பெனி ரெப் கொடுத்துவிட்டுப்போன சாம்பிள் மாத்திரை மேஜை இழுப்பறையிலேயே கிடக்கும். நான் இருபத்தைந்து வருஷத்தில் ஒரு முறைகூட நோயாளி நாற்காலியில் உட்கார்ந்ததில்லை, பிரசவம் தவிர. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் இந்தப் போன் வைத்தியம் எப்படியோ ஓடிவிடும். மனசு என்று வந்தால் 'எனக்கு' என்று சொல்லக்கூட வாய் வராது. 'எங்கிட்ட ஒரு பேஷண்ட்' என்று ஆரம்பிப்போம்.

ரோஸ்லின் வாரம் ஒரு முறை கூப்பிடுவாள். எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம், அவளுக்குச் சாயங்கால ஓ.பி. முடிகிற நேரம். ஒரு நாள் அப்படித்தான் ஆரம்பித்தாள்.

"எங்கிட்ட ஒரு பேஷண்ட் வர்றாங்கடி. மரகதம்னு பேரு. நாப்பத்தாறு வயசு. வட்டக்கானல்ல ரூம் வாடகைக்கு விடுறாங்க. வெள்ளனே மூணு மணிக்கே முழிப்பு வந்துருதாம். சாப்பாடு எறங்கலையாம். எதுலயும் பிடிப்பே இல்லைங்கிறாங்க."

"திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ அனுப்பு. மனநல டாக்டர் பாக்கட்டும்."

"மாட்டேங்கிறாங்களே. அங்க போனா நம்ம ஊராளு எவனாச்சும் பாத்துருவான், மறுநா ஊரே பேசும்ங்கிறாங்க."

அதிலும் நியாயம் இருந்தது. கொடைக்கானலுக்கு வருகிற கூட்டம் பெரிசு, ஊர் சின்னது. மூஞ்சிக்கல்லில் தும்மினால் ஏரிக்கரையில் விசாரிப்பார்கள். சரி என்று ஒரு மாத்திரை சொன்னேன், அளவு சொன்னேன், இத்தனை வாரம் கழித்துப் பார் என்றேன். போன் வைத்தியம்.

பிறகு மாதக்கணக்கில் மரகதம் எங்கள் பேச்சில் இருந்தாள். அவளுக்கு எப்படி இருக்கிறது என்று நானே கேட்பேன். ஒரு முறை, கேட்க வேண்டிய கேள்வியையும் கேட்டேன்.

"சாகணும்னு எதுவும் பேசுறாங்களாடி?"

"கேட்டேன். அந்த மாதிரி எண்ணமெல்லாம் இல்லைன்னுட்டாங்க."

"மூஞ்சியப் பாத்துக் கேட்டியா?"

"தெனம் பாக்குறேனே."

ஊருக்கு வெளியே மலைச்சரிவில் இருக்கும் வட்டக்கானலிலிருந்து ஒரு அம்மா தினமும் எப்படி வருவாள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். எனக்கு அடுத்த நோயாளி காத்திருந்தார். யோசிக்கவில்லை.

நடுவில் ஒரு நாள் அவள் ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு வந்த பெண் ஒருத்தி இறந்துபோனாள். தாமதமாகக் கொண்டு வந்த கேஸ். உறவுக்காரர்கள் கூட்டமாக வந்து இவள் அறைக் கதவை உதைத்திருக்கிறார்கள். சொல்லக் கூடாத வார்த்தையெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் ஒன்பது மணிக்கு அதே அறையில் அதே நாற்காலியில் ஓ.பி. பார்த்திருக்கிறாள். "சத்தம் போட்டாங்கடி, போயிட்டாங்க. விடு" என்றாள். விட்டேன். எனக்கும் அதில் வசதி இருந்தது, மறைப்பானேன்.

கடைசியாகப் பேசியபோது அவள் குரல் தெளிவாக இருந்தது. "மரகதம் மாத்திரைய நிறுத்திட்டாங்களாம்டி. இப்ப நல்லா இருக்கேங்கிறாங்க." நான் கையில் சாண்ட்விச்சை வைத்துக்கொண்டு, "யாரக் கேட்டு நிறுத்துனாங்களாம்? சரி, ரெண்டு வாரம் கழிச்சு வரச் சொல்லு" என்றேன். நன்றாக இருக்கிறேன் என்று திடீரென்று ஒருத்தர் சொன்னால் அன்றைக்குத்தான் கூடுதலாக உட்காரவைத்துக் கேட்க வேண்டும் என்று இங்கே இளம் டாக்டர்களுக்கு வகுப்பெடுக்கிறவள் நான்.

ஒன்பது நாள் கழித்துச் செய்தி வந்தது.

3

எப்படி இறந்தாள் என்று எழுத மாட்டேன். எழுதினால் அதைத்தான் பேசுவீர்கள். தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள், அது போதும்.

கூடப் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் கும்பிடுகிற கைகள் வரிசையாக வந்தன. "எவ்வளவு தைரியமான பொண்ணு" என்று ஒருவன் எழுதினான். அஞ்சலிப் போஸ்டரில் மாரடைப்பு என்று போட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஒரு மகானுபாவன் அதே குழுவில் கோயம்புத்தூர் கருத்தரங்குக்கான அழைப்பிதழை அனுப்பினான். போனைச் சுவரில் எறியலாம் போல இருந்தது. எறியவில்லை, லீவு கேட்டு விண்ணப்பித்தேன். 'இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?' என்று அதற்கும் ஒரு படிவம். தோழி என்ற கட்டமே அதில் இல்லை. 'மற்றவை' என்று தட்டினால் மூன்று நாள்தான் தருவார்கள். சகோதரி என்று போட்டேன்.

பழனியில் வீட்டுக்குள் காலை வைத்ததும் அண்ணன் கேட்டான், "அந்தக் கொடைக்கானல் புள்ளைக்கு இந்த வயசுல ஆர்ட் அட்டாக்காமே?" ஆமாம் என்றேன். நானும் ஆமாம் என்றேன்!

பஸ்ஸில் மலை ஏறும்போது என் தலைக்குள் ஓடியது ஒரே கவலை. ரோஸ்லின் போய்விட்டாள். அந்த மரகதத்தை இனி யார் பார்ப்பது? மாத்திரையை வேறு நிறுத்திவிட்டிருக்கிறாள். ஊருக்குள்ளேயே ஒளிந்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இந்தச் செய்தி என்ன செய்யும்? அவளைக் கண்டுபிடித்து, கையைப் பிடித்து மதுரைக்குக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு டாக்டரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தேன். தோழிக்குச் செய்ய முடியாததை அவளுடைய நோயாளிக்காவது செய்யலாம் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரி பதிவேட்டில் அந்தப் பெயர் இல்லை. நர்ஸுக்குத் தெரியவில்லை. மூஞ்சிக்கல் மருந்துக்கடைக்குப் போனேன். ரஹீம் பாய், ரோஸ்லினின் சீட்டுகளுக்கு வருஷக்கணக்கில் மருந்து கொடுத்தவர், என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"மரகதம்னு சீட்டு வரும்ங்க. வந்திருக்கு. ஆனா அந்தம்மாவ நான் கண்ணால பாத்ததில்ல. டாக்டரம்மாவே வந்து வாங்கிக்கிருவாங்க. 'போற வழிதான் பாய், நான் குடுத்துர்றேன்'னுவாங்க."

"வட்டக்கானல் போற வழியா அவங்களுக்கு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் கேக்கலைங்க. டாக்டருகிட்டப் போயி எப்படிங்க கேக்குறது?" என்றார்.

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. இத்தனை படித்தும் விளங்கவில்லை! ஜீப் பிடித்து வட்டக்கானல் போனேன். மழைத் தூறலில் படியேறி இறங்கி, ரூம் விடுகிற வீடு ஒவ்வொன்றாகக் கேட்டேன். "மரகதமா? அந்தப் பேருல இங்க யாருமே கெடையாதுங்களே" என்றார்கள். ஒரு அம்மா மட்டும் என் நனைந்த செருப்பைப் பார்த்துவிட்டு, "எதுக்குங்க இம்புட்டு அலையுறீங்க, அவங்க ஒங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டாள்.

4

அங்கிருந்து நேராக ஆனந்தகிரிக்குப் போனேன். ரோஸ்லினின் அம்மா ஞானம்மா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். அழவில்லை. உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, "தேத்தண்ணி குடிக்கிறியா புள்ள?" என்றார். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் தோட்டத்து வார்த்தைகளை அவர் விடவில்லை.

என்ன பேசுவதென்று தெரியாமல், காலையிலிருந்து அலைந்த கதையைச் சொன்னேன். ரோஸ்லினிடம் வைத்தியம் பார்த்த ஒரு அம்மாவைத் தேடுகிறேன், மரகதம் என்று பெயர், உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"மரகதமா? அது நம்ம ரோஸ்லினுதானே. தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்தப்ப அவுக அப்பா வச்ச பேரு. இங்க வந்து பள்ளிக்கொடத்துல சேக்கப் போனப்ப, சிஸ்டருமாரு ரோஸ்லின்னு எழுதிக்கிட்டாங்க. அவுக அப்பா செத்தப்புறம் அந்தப் பேரச் சொல்லி அவளக் கூப்புட ஆளில்ல." என் முகத்தைப் பார்த்து, "அத ஒங்கிட்டச் சொன்னாளா?" என்றார்.

சொன்னாள் அம்மா. மாதக்கணக்கில் சொன்னாள். மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது என்றாள், சாப்பாடு இறங்கவில்லை என்றாள், ஒன்றுவிடாமல் சொன்னாள். நான் அவளுக்கு மாத்திரையின் அளவு சொன்னேன்.

இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர் மடியில் தலையை வைத்து அழுதேன். துக்கம் விசாரிக்கப் போனவளை அவர் தேற்றவேண்டியதாயிற்று. "காச்ச மண்டையிடின்னா இந்த ஊரே அவகிட்ட வந்து சொல்லும் புள்ள. அவ யாருகிட்டப் போயிச் சொல்லுவா?" என்றார்.

ரோஸ்லின் ஏன் இறந்தாள் என்று ஒரு காரணத்தை எடுத்துக் காட்ட என்னால் முடியாது. வேலையா, கதவை உதைத்தவர்களா, தனிமையா, ரத்தத்திலேயே இருந்ததா? ஒன்று மட்டும் தெரியும். அவளுக்கு வந்தது வைத்தியம் உள்ள நோய். அதே நோய்க்கு அவளிடம் சீட்டு வாங்கிப் பிழைத்தவர்கள் ஆனந்தகிரியிலேயே இருக்கிறார்கள்.

5

இரண்டு வருஷம் கழிந்து இப்போது நான்.

போன மாதம் படிவத்தை அப்படியே திறந்து வைத்துவிட்டு, சென்னையில் மனநல டாக்டராக இருக்கும் எங்கள் வகுப்புச் சந்திரனுக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "சந்திரா, எங்கிட்ட ஒரு பேஷண்ட்" என்றேன். வெள்ளைக்கார அம்மா, நாற்பத்தொன்பது வயது, பள்ளிக்கூடத்தில் வேலை, பெயர் லிண்டா. வேலைவிட்டு வந்தால் காரைவிட்டு இறங்க முடியவில்லையாம், ருசி தெரியவில்லையாம். சரளமாக வந்தது. அவன் ஒரு மாத்திரை சொன்னான், அளவு சொன்னான், எத்தனை வாரம் கழித்துப் பார்க்க வேண்டும் என்றான். கடைசியில், "சூசைட் தாட்ஸ் இருக்கா, கேட்டியா?" என்றான்.

"கேட்டேன். இல்லைன்னுட்டாங்க" என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வாசலில் யாழினி நிற்கிறாள். என் மகள், பதினாறு வயது. இவளுக்குத் தமிழ் புரியும். பேச்சு வராது, பேசவும் மாட்டாள். சோறு, தண்ணி, போதும், சும்மா இரு. இவ்வளவுதான் அவளிடம் மிஞ்சியிருக்கும் தமிழ். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்துத் தோற்றுவிட்டேன். மேலே தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஆங்கிலத்தில் சிரிக்கிற பெண், கீழே என்ன நடக்கிறதென்று அவளுக்கென்ன தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

"அம்மா," என்றாள். வார்த்தை தேடினாள். ஆங்கிலத்துக்குத் தாவுவாள் என்று பார்த்தேன், தாவவில்லை. "லிண்டா இல்ல. அது நீ."

"என்னடி சொல்ற?"

"கார்ல நீ உக்காரு. டெய்லி. நான் ஜன்னல்ல பாத்து. இருபது நிமிஷம், முப்பது நிமிஷம்." அப்புறம் உதடு கோணி, "எனக்குப் பயம் அம்மா" என்றாள்.

என் மகள் எட்டு மாதமாக ஜன்னலில் நின்று என்னைக் கண்காணித்துக்கொண்டிருந்திருக்கிறாள். கையில் கத்தியும் வெங்காயமுமாக நின்றேன். ரஹீம் பாய்க்கும் தெரிந்திருந்தது. டாக்டரிடம் எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டார். இந்தப் பெண்ணுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியவில்லை. நல்லவேளை.

அன்று மத்தியானம் புருஷனிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர். எனக்கு அசதி, வயசு, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். முதலில், "லைசென்ஸுக்கு ஒண்ணும் ஆகாதில்ல?" என்று கேட்டார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். கோபம் வந்தது எனக்கு. ஆனால் எட்டு மாதமாக நான் பயந்ததும் அதற்குத்தானே. படிவத்தில் 'உண்டு' என்று எழுதுவதால் யாரும் வேலையைப் பிடுங்குவதில்லை, வைத்தியம் பார்த்துக்கொள்கிற டாக்டரை இங்கே விட்டு வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு நானே எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

6

இங்கே டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் காலை எட்டு மணிக்குப் போன் செய்து வரிசையில் நிற்க வேண்டும். நான் வேலை பார்க்கிற இடத்திலும் அப்படித்தான். அந்த வரிசையைத் திட்டாத நோயாளி கிடையாது. நான் இத்தனை காலம் வரிசையின் மறுமுனையில் இருந்தவள். நான் நோயாளியாகப் பதிவு செய்திருக்கும் மருத்துவமனை இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. எண்ணை எங்கே எழுதி வைத்தேன் என்று தேடவேண்டியிருந்தது.

திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கூப்பிட்டேன். வரிசையில் நீங்கள் பதினோராவது ஆள் என்றது இயந்திரக் குரல். பிறகு ஏதோ வயலின். பிறகு பத்தாவது ஆள். யாழினி ஸ்கூலுக்குக் கிளம்பிப் பையை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். பஸ் போய்விடும் என்றேன். போகட்டும் என்று கையைக் காட்டினாள்.

வயலின் நின்றது. ஒரு பெண் காலை வணக்கம் சொன்னாள்.

"வணக்கம், நான் டாக்டர் பால் பேசுகிறேன். ஒரு பேஷண்ட் விஷயமாக..." வாய் தானாக ஆரம்பித்துவிட்டது. பாழாய்ப்போன வாய்.

"சொல்லுங்கள் டாக்டர். பேஷண்டின் பெயர் என்ன?"

படியில் யாழினி எழுந்து நின்றாள்.

"பழனியம்மாள்," என்றேன்.

அவளுக்குப் பிடிபடவில்லை, எழுத்துக் கூட்டச் சொன்னாள். கூட்டினேன். ஒரு எழுத்தையும் விடாமல், முழுப் பெயரையும். இந்த ஊரில் யாருக்கும் நான் அதை முழுசாகச் சொன்னதில்லை. அவள் தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது.

"பிறந்த தேதி?"

என் பிறந்த தேதியைச் சொன்னேன்.